மணாலி–லே சாலையில் ஒரு ஜோடிக் காலுறை

திங்கள், சண்டிகரிலிருந்து மணாலிக்கு

நீண்ட சாலைப் பயணத்துக்கு ஏற்ற கைவேலை எது என்று கேட்டால் காலுறை என்றுதான் சொல்வேன். ஸ்வெட்டர் பாதி வளர்ந்ததுமே மடியை அடைத்துக்கொள்ளும். பூவேலைச் சால்வைக்கு வரிக்கு வரி கணக்குப் பார்க்க வேண்டும். காலுறைக்கு ஓர் உருண்டை நூலும் ஊசியும் இருந்தால் போதும், கைப்பையின் ஓரத்தில் அடங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. கணுக்காலுக்கு மேலுள்ள பகுதியைப் பின்னும்போது, எந்த மாற்றமும் இல்லாமல் சுற்றிச் சுற்றி நேர்க்கண்ணி (எளிய நேர்ப்பின்னல் வளையம்) போட்டுக்கொண்டே போகலாம் என்பதால், கண் சாலையில் இருக்கக் கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மலைப்பாதையில் குனிந்து எதையாவது பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். ஆகவே பார்க்காமல் பின்னக்கூடியதை மட்டுமே காரில் கையில் எடுப்பேன்.

லடாக்கிலுள்ள லே வரை போகிறோம். அண்ணன் வண்டி ஓட்டுகிறார், அண்ணி பின்னிருக்கையில், நான் முன்னிருக்கையில். நாங்கள் திருப்பூர்க்காரர்கள், பனியன் துணி பின்னும் வட்ட இயந்திரங்களின் ஓசையைக் கேட்டே வளர்ந்தவர்கள். அந்த இயந்திரம் ஆயிரக்கணக்கான ஊசிகளைக் கொண்டு நொடிப்பொழுதில் போடும் அதே கண்ணியைத்தான் நான் ஒவ்வொன்றாகப் போடுகிறேன். ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுப்பது என்ற அடிப்படையில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

இந்த முறை எடுத்துவந்திருப்பது கருநீல நூல்: 75 சதவீதம் மெரினோ கம்பளி, 25 சதவீதம் நைலான், 100 கிராமில் ஏறக்குறைய 400 மீட்டர். பெரியவர்களின் ஒரு ஜோடிக்கு இது போதும். ஊசி 2.5 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி. உலோக ஊசியில் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் கண்ணிகள் அதிலிருந்து வழுக்கி விழும், குளிரில் விரல்களும் மரத்துப்போகும். எனக்கு ஓர் அங்குலத்துக்கு எட்டுக் கண்ணிகள் வரும் என்பதால் 64 கண்ணிகளில் தொடங்கியிருக்கிறேன். சுற்றளவு எட்டு அங்குலம் வரும். பாதத்தின் சுற்றளவோ ஒன்பது அங்குலம். காலுறை காலைவிடச் சற்றுச் சிறியதாக இருந்து, போடும்போது இழுபட்டுப் படிய வேண்டும். அளவுக்குச் சரியாகப் பின்னிய காலுறை நாலு அடி நடப்பதற்குள் காலணிக்குள் சுருண்டுவிடும். விளிம்பில் நேர்க்கண்ணியும் எதிர்க்கண்ணியும் மாறி மாறி வரும் நிட்–பர்ல் வரிப்பின்னலுக்குக் கண் தேவைப்படுவதால், அதை நேற்று இரவே விடுதியில் முடித்துவிட்டேன்.

கீரத்பூரில் சமவெளியை விட்டு, பிலாஸ்பூர், சுந்தர்நகர், மண்டி எனச் சாலை ஏறியது. பண்டோ அணைக்கு அப்பால் நிலச்சரிவு. பாறைகளை அகற்றும் இயந்திரங்கள் வேலை செய்துகொண்டிருக்க, பியாஸ் ஆற்றங்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. அண்ணி சற்றுத் தூங்கினார். அண்ணன் இறங்கி லாரி ஓட்டுநர்களிடம் பேசப் போய்விட்டார். நான் பின்னினேன். நிற்கும் வண்டியில் பின்னுவதைவிட, மெதுவாக ஓடும் வண்டியில் பின்னுவதே எனக்கு இன்னும் சீராக வருகிறது. வண்டி நின்றிருந்தால் மனம் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. ஔட் சுரங்கத்தையும் குலுவையும் கடந்து மணாலி சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

செவ்வாய், மணாலி

மால் சாலையிலுள்ள கடைகளில் 'கையால் பின்னியது' என்று சொல்லி விற்கப்படும் காலுறைகளில் பெரும்பகுதி இயந்திரத்தில் பின்னப்பட்டவை. இதை அறிய வழி இருக்கிறது. வாங்குவோர் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் காலுறையை உள்ளே வெளியே திருப்பி, விரல் நுனிப் பக்கத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். இயந்திரக் காலுறையில் அங்கே பெரும்பாலும் ஒரு தையல் கோடு மேடாகத் தட்டுப்படும். கைப்பின்னலில் கடைசிக் கண்ணிகளை ஊசிநூலால் ஒன்றோடொன்று கோத்து மூடியிருப்பார்கள், அல்லது நூலை உள்ளே ஓட்டிச் சுருக்கியிருப்பார்கள். அடுத்து, குதிகால். கையால் பின்னிய குதிகாலின் இருபுறமும் பக்கவாட்டில் கண்ணிகளை எடுத்துச் சேர்த்த தடம் ஒரு முக்கோணமாகத் தெரியும். கடைசியாக, ஜோடியின் இரண்டு காலுறைகளையும் அடுக்கிப் பார்த்தால், கைப்பின்னலில் பல சமயம் ஒன்று மற்றதைவிட ஒரு வரியாவது கூடியோ குறைந்தோ இருக்கும்.

இயந்திரத்தில் பின்னுவது குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. திருப்பூரில் பிறந்தவளுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. ஒன்றை மற்றொன்றாகச் சொல்லி விற்பதுதான் தவறு. அதனால் இழப்பவர்கள் இதே மலைகளில் விறகடுப்பின் அருகே உட்கார்ந்து பின்னும் பெண்கள்.

புதன், கேலாங்

அடல் சுரங்கம் 9.02 கிலோமீட்டர் நீளமுள்ளது. 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. 3,978 மீட்டர் உயர ரோத்தாங் கணவாயை ஏறி இறங்க மணிக்கணக்கில் ஆன பயணம் இப்போது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இந்தப் பக்கம் தேவதாரு மரங்களும் ஈரமும். மறுபக்கம் வறண்ட மலைகள், சந்திரா ஆறு, உருளைக்கிழங்கு, பட்டாணி வயல்கள். சுரங்கம் வருவதற்கு முன், குளிர்காலத்தில் ரோத்தாங்கைப் பனி மூடிவிட்டால் லாஹௌல் பள்ளத்தாக்கு ஏறக்குறைய ஆறு மாதம் வெளியுலகத் தொடர்பின்றிக் கிடக்கும். வயலில் வேலை இல்லாத அந்த ஆறு மாதம்தான் இங்கே காலுறை பின்னும் காலம். வாழ்க்கைக்குத் தேவையான பொருளாகவும் கோடைக்கான வருமானமாகவும் அது வளர்ந்தது அப்படித்தான்.

சந்திராவும் பாகாவும் கூடும் தாண்டி என்ற ஊரைக் கடந்து, மாலையில் கேலாங் வந்தோம். கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்தச் சிற்றூர்தான் லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் தலைநகர். காலுறையைப் பற்றி எழுதும் எனக்கு, இந்த ஊர் இவ்வழியில் மிக முக்கியமான இடம்.

மொராவியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஜெர்மன் ஊழியர்கள் 1850களில் கேலாங்கில் வந்து தங்கினார்கள். அவர்கள் புறப்பட்டது மங்கோலியாவுக்கு; வழி கிடைக்காமல் இங்கே நிலைகொண்டார்கள். திபெத்திய–ஆங்கில அகராதி தொகுத்த யேஷ்கே இவர்களில் ஒருவர். அவர் பெயர் அறிஞர்களுக்குத் தெரியும். 1859இல் இங்கு வந்து, அகஸ்ட் வில்ஹெல்ம் ஹைடேயை மணந்த மரியா ஹைடேயின் பெயர் அந்த அளவுக்குத் தெரியாது. உள்ளூர்ப் பெண்களுக்குப் பின்னல் கற்றுக்கொடுக்கப் பள்ளி நடத்தியவர் அவர். கம்பளி நூற்பதும் நெய்வதும் இந்தப் பெண்களுக்குப் புதியவை அல்ல. ஆடும் இருந்தது, நூலும் இருந்தது. சில ஊசிகளும் ஒரு முறையும் வெளியிலிருந்து வந்தன. அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. கற்றுக்கொண்ட பெண்கள் ஐரோப்பியக் காலுறையை அப்படியே பின்னிக்கொண்டிருக்கவில்லை. தங்கள் நிறங்களையும் தங்கள் கோலங்களையும் அதில் ஏற்றினார்கள். இன்று லாஹௌல் காலுறை என்று சொன்னால் அது இந்தப் பள்ளத்தாக்கின் பொருள். 2021இல் இங்குள்ள கைப்பின்னல் காலுறைகளுக்கும் கையுறைகளுக்கும் புவிசார் குறியீடும் கிடைத்தது.

வியாழன், கேலாங்

உயரத்துக்கு உடம்பு பழகட்டும் என்று இன்றும் இங்கேயே தங்கினோம். காலையில் கடைத்தெருவில் ஒரு மூதாட்டி தன் வாசலில் காலுறைகளைப் பரப்பி வைத்து, அடுத்ததைப் பின்னிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த பின்னலைப் பார்த்ததும் "இங்கே வா மகளே" என்று இந்தியில் அழைத்து, அதை வாங்கி உள்புறம் திருப்பினார். குதிகாலைக் கட்டைவிரலால் அழுத்தினார். "இவ்வளவு மெல்லிய நூலா? எத்தனை குளிர்காலம் தாங்கும்?" என்று கேட்டார். நூலில் நைலான் கலந்திருக்கிறது என்று சொன்னேன். அவர் தலையசைத்தாரே தவிர, நம்பியதாகத் தெரியவில்லை.

பிறகு அவருடைய காலுறை ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். தடித்த கம்பளி, மேற்பகுதியில் சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை நிறங்களில் பட்டை பட்டையாகக் கோலங்கள், அடிப்பாதம் மட்டும் ஒரே நிறம். கையைக் கொஞ்சம் உள்ளே விட்டுப் பார்த்தபோது காரணம் விளங்கியது. ஒரே சுற்றில் இரண்டு நிற நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும்போது, அந்த நேரத்தில் வேலை செய்யாத நூல் துணியின் பின்புறம் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். வெளியே கோலமாகத் தெரிவது உள்ளே இன்னோர் அடுக்காகிறது. அந்த இரண்டு அடுக்குகளுக்கு நடுவே சிக்கும் காற்றுதான் சூட்டைக் காப்பது. ஆனால் நடக்கும் அடிப்பாதத்தில் அப்படி நூல் ஓடினால் விரல் மாட்டிக்கொள்ளும். ஆகவே அங்கே கோலம் இல்லை, அழுத்தமான ஒற்றைப் பின்னல் மட்டும். அழகுக்காகச் செய்ததாகத் தோன்றும் ஒவ்வொன்றுக்கும் இதில் காலின் தேவையிலிருந்து வந்த காரணம் இருக்கிறது.

ஒரு ஜோடி வாங்கினேன். அப்போது அங்கே வந்த ஒரு குடும்பம் பாதி விலைக்குக் கேட்டது. அவர் மறுத்தார், அவர்கள் போய்விட்டார்கள். இதைப் பற்றி வெளிப்படையாகவே எழுத விரும்புகிறேன். நான் பின்னும் மெல்லிய காலுறை ஒன்றில் ஏறக்குறைய 13,000 கண்ணிகள் இருக்கின்றன. ஜோடிக்கு இருபது மணி நேரம் ஆகிறது. தடித்த நூலில் கண்ணிகள் குறையும் என்றாலும், நூலைப் பிரித்துச் சாயம் பார்த்துக் கோலம் எண்ணிப் பின்னும் நேரம் சேர்ந்துகொள்ளும். இங்கே கேட்கப்படும் விலையை அந்த மணிநேரங்களால் வகுத்துப் பார்த்தால், எந்த ஊரிலும் ஒரு மணி நேரக் கூலிக்கு அருகில்கூட அது வராது. பேரம் பேசத் தோன்றினால், வாங்காமல் போவதே மரியாதை.

மாலையில் பாகா ஆற்றின் ஓசை கேட்கும் மாடியில் உட்கார்ந்து இரண்டாவது காலுறையின் குதிகாலைத் திருப்பினேன். இதை நான் ஒருபோதும் ஓடும் வண்டியில் செய்வதில்லை. 64 கண்ணிகளில் பாதியான 32ஐ மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னுமாக 32 வரிகள் பின்ன வேண்டும். ஒரு வரியில் ஒன்றுவிட்டு ஒன்று என்று கண்ணிகளைப் பின்னாமலே அடுத்த ஊசிக்கு நகர்த்திவிட்டால், துணி இரட்டைத் தடிமனாகும். நைலான் வருவதற்கு முன்பே குதிகாலைத் தேயாமல் காத்த வழி இதுதான். பிறகு நடுவிலிருந்து தொடங்கி, இருபுறமும் ஒவ்வொரு வரியிலும் ஒரு கண்ணியைக் குறைத்து, பாதியில் திரும்பித் திரும்பி வந்தால், தட்டையாக இருந்த துணி கண்ணெதிரே குவிந்து ஒரு கிண்ணமாகிறது. 32 கண்ணிகள் 18 ஆகின்றன. அதன் பின் பக்கவாட்டு விளிம்புகளில் 16, 16 கண்ணிகளை எடுத்து, காத்திருக்கும் மற்ற 32ஐயும் சேர்த்தால் மொத்தம் 82. அதைச் சுற்றுவிட்டுச் சுற்று குறைத்து மறுபடி 64க்குக் கொண்டுவர வேண்டும். எத்தனையோ காலுறைகளுக்குப் பிறகும், அந்தக் கிண்ணம் குவியும் நேரத்தில் எனக்கு ஒரு வியப்பு உண்டாகிறது. ஒரே ஒரு நீள நூல், வெட்டும் இல்லை தையலும் இல்லை, ஒரு செங்கோணத்தில் திரும்பிவிடுகிறது.

வெள்ளி, சர்ச்சு

ஜிஸ்பா, தார்ச்சா கடந்து பாராலாச்சா கணவாய். ஏறக்குறைய 4,900 மீட்டர் உயரத்தில் காற்று மூச்சை அடைத்தது. இரண்டாவது காலுறை கையில் இருந்தது. ஓடைகள் சாலையைக் கடக்கும் இடங்களில் வண்டி குதிக்கும்போதெல்லாம் ஊசிகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். "என்ன அம்மிணி, வண்டிய நிறுத்தோணுமா?" என்று அண்ணன் கேட்டார். "வேண்டாண்ணா, போங்க" என்றேன். நின்றால் குளிர் இன்னும் கூடும்.

உயரம் உடம்பை எப்படித் தொடுகிறது என்பதைப் பின்னலில் தெளிவாகப் பார்க்கலாம். சமவெளியில் பேசிக்கொண்டே எண்ணும் 16 கண்ணிகளை இங்கே இரண்டு முறை எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணிக்கை தடுமாறத் தொடங்கினால் நான் பின்னலைப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறேன். தலைவலி வருவதற்கு முன்பே கை சொல்லிவிடுகிறது.

சர்ச்சு 4,290 மீட்டரில் இருக்கும் ஒரு கூடாரத் தங்குமிடம். இமாசலம் முடிந்து லடாக் தொடங்கும் எல்லை. இரவில் கேலாங்கில் வாங்கிய காலுறைகளைப் போட்டுக்கொண்டேன். விடியற்காலையில் கூடாரத்துக்கு வெளியே வாளித் தண்ணீரின் மேல் பனிப்படலம் படிந்திருந்தது. கால்விரல்கள் மட்டும் வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோல் சூடாக இருந்தன.

சனி, லே

காட்டா வளைவுகள் இருபத்தொன்று. அவற்றின் ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு ஒருபக்கம் சாயும் என்பதால் அங்கே பின்னவில்லை. நகீ லா, லாச்சுலுங் லா என்ற கணவாய்களையும் பாங்கையும் தாண்டியதும் மோரே சமவெளி விரிந்தது. நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு நேரான சாலை. இந்தப் பயணத்திலேயே பின்னுவதற்கு மிக இதமான பகுதி.

தொலைவில் ஆட்டு மந்தை ஒன்று தெரிந்தது. இந்தச் சாங்தாங் பீடபூமியில் சாங்பா மேய்ப்பர்கள் வளர்க்கும் வெள்ளாடுகளின் அடிமயிர்தான் பஷ்மினா. 12 முதல் 15 மைக்ரான் மட்டுமே தடிமன். குளிர்காலத்தில் மைனஸ் 30 டிகிரியைத் தாங்க அந்த ஆடுகள் வளர்க்கும் உள்ளாடை அது. பஷ்மினாவில் காலுறை பின்னலாமா என்று அண்ணி கேட்டார். பின்னலாம், ஆனால் கூடாது. இழை மிக நுண்ணியது, குட்டையானது; கழுத்தில் சால்வையாக இருக்கும்வரை அது அருமை, காலணிக்குள் போனால் சில நாள் உரசலிலேயே குதிகாலில் ஓட்டை விழும். காலுறைக்கு வேண்டியது செம்மறிக் கம்பளி. மென்மை குறைவானாலும் அது முறுக்கைத் தாங்கும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பின்னும் சூடாக இருக்கும். விலை உயர்ந்ததெல்லாம் எல்லா வேலைக்கும் உயர்ந்தது என்று நினைப்பதால் நூல் வாங்கும் பலர் ஏமாறுகிறார்கள்.

5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லாவைக் கடந்து சிந்து நதிக்கரையில் உப்ஷி, காரு வழியாக மாலையில் லே வந்தோம்.

திங்கள், லே

நேற்று முழுவதும் ஓய்வு. இந்த ஊரின் வறண்ட காற்று பின்னுபவர்களுக்குச் சில சிக்கல்களைத் தருகிறது. கம்பளி உரசினால் மின்னூட்டம் ஏறி, நூலின் மயிரிழைகள் விறைத்து நிற்கின்றன. விரல் நுனிகள் வெடித்து, அந்த வெடிப்பில் நூல் மாட்டுகிறது. விடுதி அம்மா கொடுத்த பாதாமி (ஆப்ரிகாட்) கொட்டை எண்ணெயை இரவில் தடவிக்கொண்டு காலையில் துடைத்துவிட்டால் கை சரியாகிவிடுகிறது. பாதாமிப் பழம் இங்கே விளைவது. எண்ணெயும் எல்லா வீட்டிலும் இருக்கிறது.

கடைவீதியில் நடைபாதையோரம் காய்கறிகளும் உலர்ந்த பாதாமியும் விற்கும் பெண்கள், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் பின்னுகிறார்கள். அவர்களில் ஒருவரின் கையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நூலை இடது கைச் சுட்டுவிரலில் தாங்கி, வலது ஊசியால் கொத்தி எடுத்தார். நானோ நூலை வலது கையால் சுற்றிப் போடுபவள். நான் ஒரு கண்ணி போடும் நேரத்தில் அவர் இரண்டு போட்டுவிடுவார். ஜெர்மனியில் பரவலாக இருப்பதும் அந்த இடது கை முறைதான். லேயிலும் 1885இல் மொராவியர் ஊழியம் தொடங்கியதை நினைக்கும்போது, இந்தக் கையசைவு எந்தெந்த வழியாக இங்கே வந்திருக்கும் என்ற கேள்வி எழுகிறது. பெண்களின் கூட்டுறவான லூம்ஸ் ஆஃப் லடாக் கடைக்கும் போனேன். அங்கே பின்னியவரின் உழைப்பு விலையிலேயே சேர்க்கப்பட்டிருந்தது, பேரத்துக்கு இடமில்லை. அதுவே முறை.

மதியம் இரண்டாவது காலுறையின் விரல் நுனியை மூடினேன். ஊசிநூலை முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கும், பின் வரிசையிலிருந்து முன் வரிசைக்கும் மாற்றி மாற்றி ஓட்டி, அவசரப்படாமல் இழுத்தால், அந்த இணைப்பு இன்னொரு பின்னல் வரியாகவே மாறி, தடவினால்கூடத் தெரிவதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டையும் நனைத்து, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் விரித்தேன். லேயின் காற்றில் மாலைக்குள் உலர்ந்துவிட்டன.

நாளை லாமாயூரு வழியாகக் கார்கில். கடைவீதியில் வாங்கிய உள்ளூர்ச் செம்மறிக் கம்பளி பையில் இருக்கிறது. சாயம் ஏற்றாத பழுப்பு நிறம், தடித்தது, கொஞ்சம் குத்தும். அதற்கு 3.5 மில்லிமீட்டர் ஊசியும் 44 கண்ணிகளும் போதும் என்று சிறு துண்டு பின்னிப் பார்த்து முடிவு செய்திருக்கிறேன். அண்ணனின் பாதத்தை இன்று இரவே அளந்துவிட வேண்டும்.